இடது பக்கம் ராத்தாவுடையது

பெரியக்கா,

இப்படிக் கூப்பிட்டால் முன்பெல்லாம் எங்கள் ஒழுங்கையில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "ஓம், அவ இஞ்ச நிக்கிறா" என்று பதில் வரும். உன் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஒழுங்கைக்கே நீ பெரியக்காதான். இப்போது கூப்பிட்டால் பதில் இல்லை. அதனால் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கேட்க முடிந்தால் நீயும் கேள்.

நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் பிழை செய்தவள் நான்தான். அதை வேறு யாரும் சொல்லிக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அப்பா, அக்கா, நான். அக்கா ஆறு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தாள். மற்றவர்கள் திரும்பி வந்தால் நகை வாங்குவார்கள். அவள் மன்னாரில் மூடிக் கிடந்த ஓர் ஐஸ்கிரீம் கடையிலிருந்து பெரிய பிரீசர் ஒன்றை வாங்கி, லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக் கொண்டு வந்தாள். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். அடுப்படிக்குள் போகவில்லை. பின் விறாந்தையில் வைத்தோம்.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உதுக்குள்ள என்னத்தை வைக்கப் போறாய், என்னையோ?"

"வாடைக் காத்துக்கு நீங்கள் கடலுக்குப் போகாம வீட்டில குந்தியிருக்கேக்க தெரியும், என்னத்தை வைச்சனான் எண்டு."

அவள் சொன்னது போலத்தான் நடந்தது. மீன் அள்ளிப் படுகிற நாட்களில் அதை யாரும் மதிப்பதில்லை. காற்று மாறினால் சின்னச் சூடை மீன் கூடக் கிடைக்காது. அக்கா பாரையையும் அறக்குளாவையும் கழுவித் துண்டு போட்டு, ஒரு சமையலுக்கு ஒரு பை என்று பிரிப்பாள். பையைத் தட்டையாக அமத்தி, உள்ளே இருக்கிற காற்றை வாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு முடிச்சுப் போடுவாள். தட்டையாக இருந்தால் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி அடுக்கலாம், எடுத்தால் கெதியாக இளகும். இறாலைத் தண்ணீர் விட்டு உறைய வைப்பாள். புதியது அடியில், பழையது மேலே. இடம் வெறுமையாகக் கிடந்தால் கழுத்துக்குக் கீழே வரை தண்ணீர் நிரப்பிய போத்தல்களை அதில் படுக்க வைப்பாள். "வெறுங்காத்தைக் குளிராக்கவோ நான் இதை வாங்கினனான்?" என்பாள். கரண்ட் போனால் மூடிக்கு மேல் சாக்கை விரித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஆரும் திறந்தா கையை முறிப்பன்" என்பாள். திறக்காமல் விட்டால் ஒரு பகல் முழுக்கத் தாங்கும்.

அந்தப் பிரீசரின் இடது பக்கம் எங்களுடையது இல்லை. அது ராத்தாவுடையது.

ராத்தா என்பது முஸ்லிம் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுகிற முறை. பின்வளவில் இருக்கிற அவரை நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முப்பத்தைந்து வயது இருக்கும். ரோல்ஸும் சமோசாவும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். மூன்று பிள்ளைகளும் அதில்தான் வளர்கிறார்கள். நோன்பு மாதத்து உழைப்புத்தான் அவருக்கு முழு வருடத்துக்கும். நோன்பு தொடங்க முன்பே எல்லாவற்றையும் சுற்றி உறைய வைத்துவிட்டால், பிறகு பொரித்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான். வேலியில் ஓர் ஆள் நுழைகிற பொட்டு வழியாக வருவார். கேட்க மாட்டார். திறப்பார், தட்டுகளை வைப்பார், போவார். அக்கா இருந்தவரை அவர் வருவதையும் போவதையும் நான் கவனித்ததே இல்லை.

தை மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆறு நாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அடக்கம் முடிந்து எட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகும் நான் அடுப்படிக்குள் போகவில்லை. மத்தியானம் அப்பா கறிச்சட்டியோடு பின்பக்கத்தால் வருவார். போட்டுத் தருவார், சாப்பிடுவேன். மூன்றாவது வீட்டில் இருக்கிற மாமி, அப்பாவின் தங்கச்சி, அனுப்புகிறார் என்று நினைத்தேன். "கறி நல்லாயிருந்தது மாமி" என்று ஒருநாள் சொன்னேன். மாமி தலையை ஆட்டினார்.

பிரீசரை முதல் தடவை திறந்தது அழுவதற்குத்தான். அவள் போட்ட முடிச்சுகள் உள்ளே இருந்தன. அவள் வாய் வைத்த பைகள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நான்கைந்து நாள் கழித்துத் திறந்தபோது மேல் வரிசை இல்லை. பாரை இருந்த இடத்தில் வெறும் குளிர்.

மாமியிடம் சொன்னேன். மாமி குரலைத் தாழ்த்தினார். "கேக்காமச் சொல்லக் கூடாதெண்டு இருந்தனான். அவள் ஒரு நாளைக்கு எத்தினை தரம் வாறாள், பாத்தனியே? முந்தி இப்பிடி வந்தவளோ?"

"சாமான் வைக்க வாறா மாமி."

"வைக்கிறவள் நிறைஞ்ச பேசனோட வந்து வெறும் பேசனோட போகோணும். இவள் போகேக்கதான் பேசன் பாரமாக் கிடக்கு. கண் இல்லையோ உனக்கு? ரோல்ஸுக்குள்ள மீனும் வைக்கலாம்தானே."

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ராத்தா வரும்போது பேசன் துணியால் மூடியிருக்கும். போகும்போதும் மூடியிருக்கும். ஏன் மூட வேண்டும்? விறாந்தையில் ஏன் இத்தனை நேரம்? ஒருநாள் மூடியைத் திறந்தபடி கண்ணைத் துடைத்தார். நான் நினைத்தேன், பார்க்கிற ஆளுக்காகத் துடைக்கிறார் என்று. பார்க்கிற ஆள் ஒருவரும் இல்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

மூடியின் விளிம்பில் ஒரு நெருப்புக்குச்சியைச் செருகி வைத்தேன். திறந்தால் விழும். முதல் மூன்று நாள் வைத்தபடியே இருந்தது. பிறகு, காலையில் செருகுவேன், பத்து மணிக்கு விழுந்து கிடக்கும். திரும்பச் செருகுவேன். மீன் பைகளை எண்ணி வைத்தேன். ஒவ்வொரு நாளும் ஒன்று குறைந்தது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். கெட்டிக்காரி, ஒரேயடியாக எடுக்கவில்லை என்று நினைத்தேன்.

ஒருநாள் குறுக்கே போய் நின்றேன். "என்ன ராத்தா கொண்டு போறீங்கள்?"

"சாமான்தான் புள்ள." என் முகத்தைப் பார்த்தார். "நீ சாப்பிட்டியா? உன் மூஞ்சி கருத்துப் போச்சே."

கதையை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய எங்கள் தபசுகாலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்தன. அக்காவின் முப்பத்தோராம் நாள் விபூதிப் புதனுக்கு முதல் நாள் விழுந்தது. பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. மாமி எங்கள் தீவுக்கு வெளியே பெருநிலப் பக்கத்தில் சொல்லிப் பன்றி இறைச்சி எடுப்பித்திருந்தார். சமைத்தது போகப் பச்சையாக இரண்டு பை மிஞ்சியது. விடிந்தால் தபசு. நாற்பது நாளைக்கு எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை.

"பிரீசருக்குள்ள போட்டு வையடி. உயிர்த்த ஞாயிறுக்கு ஆகும்" என்றார் மாமி.

அக்கா பன்றி இறைச்சியை ஒருநாளும் பிரீசரில் வைத்ததில்லை. மிஞ்சினால் அன்றைக்கே ஊருக்குக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு அந்த வாடை பிடிக்காது என்று நினைத்திருந்தேன். பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ராத்தாவின் தட்டுகள் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். கட்டித்தானே இருக்கிறது என்று நினைத்தேன். என் வீட்டுப் பிரீசர்தானே என்றும் நினைத்தேன். ஆனால் மீன் பைகளுக்கு அடியில் ஒளித்துத்தான் வைத்தேன்.

வியாழக்கிழமை லைன் வேலை என்று காலை எட்டு மணிக்கே கரண்ட் நின்றது. பின்னேரம் வரை வராது என்றார்கள். சாக்கை விரித்தேன். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பத்து மணிக்கு ராத்தா வருவார், அதற்கு முதல் எண்ண வேண்டும் என்று தோன்றியது. திறந்தேன். பைகளை வெளியே எடுத்து விறாந்தையில் பரப்பி எண்ணினேன். எண்ணிக்கை பிசகியது. திரும்ப எண்ணினேன். ராத்தா வரவில்லை. இன்றைக்கு ஏன் வரவில்லை என்று அதுவும் ஒரு சந்தேகம். பன்னிரண்டு மணிக்கு மறுபடி திறந்தேன். அள்ளி அள்ளிப் போட்டதில் பன்றி இறைச்சிப் பை இரண்டும் இடது பக்கம், ராத்தாவின் தட்டுகளுக்கு மேலே போய்விட்டன. மூடி சரியாகப் பொருந்தவில்லை. ஒரு போத்தல் முட்டிக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. பின்னாலேயே ராத்தா வந்தார்.

"கரண்ட் இல்லாத நேரம் திறக்கக் கூடாதுன்டு உங்க அக்கா சொல்வாவே, அதான் நான் வரல்ல" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கினார். தூக்கிய மூடியைப் பிடித்தபடி உள்ளே குனிந்தார்.

நான் போய்ப் பார்த்தேன். பை இளகி, முடிச்சால் கசிந்து, இரத்தத் தண்ணீர் எண்ணெய்த்தாளை நனைத்துத் தட்டு தட்டாகக் கீழே இறங்கியிருந்தது. ரோல்ஸ் எல்லாம் ரோஸ் நிறம்.

"என்ன இறச்சி புள்ள இது?"

நான் பையை எடுக்கக் கை நீட்டினேன்.

"சொல்லு. மாடா?"

"இல்லை ராத்தா."

அவர் கையைச் சட்டென்று எடுத்தார். பேசனைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசினால் நானும் மீனைப் பற்றிக் கேட்கலாம்.

"உங்க அக்கா குவைத்தால வந்து இதை வச்ச அன்டைக்கே எனக்கிட்டச் சொன்னா, பண்டி இறச்சி இதுக்குள்ள வராது ராத்தா, நீங்க பயப்படாம வைங்கன்டு. நான் கேக்கவேயில்ல. அவவாச் சொன்னா." மூச்சை இழுத்துக்கொண்டார். "நாளைக்கு நோன்பு. நான் என்னத்தப் பொரிக்க?"

வெறும் பேசனை எடுத்துக்கொண்டு பொட்டு வழியாகப் போனார்.

அந்தத் தட்டுகளை ஒருவரும் தொட முடியாது. அவர்களுக்குப் பன்றி ஆகாது. எங்களுக்குத் தபசு, ரோல்ஸுக்குள் மாட்டிறைச்சி. அப்பா பனைக்குப் பின்னால் குழி வெட்டினார். நான் சுமந்து போய்க் கொட்டினேன். கொட்டிக்கொண்டே, எனக்கு ஞாயம் வேண்டும் என்று, "அவ எங்கட மீனைக் களவெடுத்தவ அப்பா" என்றேன்.

அப்பா மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார். "ஆர் களவெடுத்தது?"

"ஒவ்வொரு நாளும் ஒரு பை. நான் எண்ணினனான்."

"நான்தானடி எடுக்கச் சொன்னனான். நீ அடுப்பைத் திரும்பியும் பாக்கேல்லை. இந்த ஒரு மாசமும் மத்தியானம் நீ தின்ட மீன் எங்கையிருந்து வந்ததெண்டு நினைச்சாய்? ஆர் சமைச்சதெண்டு நினைச்சாய்?"

"மாமி எண்டு…"

"மாமியோ!" மண்ணைத் தள்ளி மூடத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை பிரீசரை வெறுமையாக்கினேன். பன்றி பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஐஸ் பிடித்த மூலைகளைச் சுரண்டிக் கழுவினேன். மீனை மாமி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார் அப்பா. கொண்டுபோனேன். மாமியின் முகத்தை நான் பார்க்கவில்லை, அவரும் என்னுடையதைப் பார்க்கவில்லை. அக்கா போட்ட முடிச்சுகளில் எத்தனை திரும்பி வரும் என்று தெரியாது. அதைக் கேட்கிற தகுதி எனக்கில்லை.

பிறகு பொட்டு வழியாக நான் ராத்தா வீட்டுக்குப் போனேன். முதல் நோன்பு. தண்ணீர் கூடக் குடிக்காமல் நிலத்தில் இருந்து மா பிசைந்துகொண்டிருந்தார். அன்றன்றைக்குச் செய்தால் பாதிதான் முடியும். கடைக்காரர் ஒருவர் வேறு ஆளிடம் எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டாராம்.

"ஏழு தரம் கழுவிட்டன் ராத்தா. மண்ணும் போட்டுக் கழுவினனான். நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன். மீனை…"

"தெரியும் புள்ள. குச்சி விழக்குள்ளயே தெரியும்." மாவைப் புரட்டினார். "மூணு நாள் நான் குனிஞ்சி எடுத்துத் திரும்ப வச்சன். பிறகு விட்டுட்டன்."

நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன்.

"கோவமா ராத்தா?"

"கோவமில்ல. பயமா இருக்கு. அக்கா சொன்னா நான் பாக்காமலே வச்சிட்டுப் போவன். உன்னை நம்பி எப்பிடி வைக்க?"

மா உருட்டித் தரட்டுமா என்று கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். அந்த நோன்பு முழுக்கப் பின்னேரங்களில் போய் உருட்டிக் கொடுத்தேன். உருட்டியது நான், சுற்றியது அவர். இறைச்சிச் சட்டி என் பக்கம் வராது.

பத்தாம் நோன்புக்குப் பிறகு ஒரு தட்டு கொண்டு வந்தார். ஒன்றே ஒன்று. விறாந்தைப் படியில் நின்று, "வரட்டா?" என்று கேட்டார். மூடியைத் தூக்கி, போத்தல்களை விலக்கி, அடிவரை பார்த்தார். வலது பக்கத்தையும் பார்த்தார். பார்க்கட்டும் என்று நான் தள்ளி நின்றேன். இப்போதும் அப்படித்தான். நான் வீட்டில் இல்லாவிட்டால் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் அடிவரை பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார். எனக்கும் அவர் போன பிறகு போய்த் திறந்து பார்க்க வேண்டும் போல இருக்கும். சில நாள் அடக்கிக்கொள்கிறேன். சில நாள் முடிவதில்லை.

அக்கா ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள். அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போக அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பேனா என்று என்னை நானே நம்பவில்லை. ராத்தா ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகத் துஆ கேட்கிறாராம். நான் செபமாலை எடுத்தால் பாதியில் அழுகை வந்து நின்றுவிடுகிறது. அதனால்தான் கேட்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றாலும் சரி, ஒரு கோயிலுக்கும் போகாதவர்கள் என்றாலும் சரி, எங்கள் பெரியக்காவின் ஆத்துமம் ஆறுதலாக இருக்க எல்லோரும் ஒருதரம் மன்றாடுங்கோ.