கோழிகூட அறுக்காத முகம்

பிள்ளைகளே, போன லீவில் நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது, மில்லில் பெண்கள் சீரியல் பேசுவதைக் கேட்டு, "இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லியாப்பா" என்று சிரித்தீர்கள். நான் அப்போது பதில் சொல்லவில்லை. மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறந்தால் தும்மல்தான் வரும். நான் அதிகம் படிக்காதவன். பேசினால் பாதியில் விட்டுவிடுவேன். எழுதினால் கடைசி வரைக்கும் சொல்லிவிடுவேன் என்று நினைத்து எழுதுகிறேன். நீங்கள் ஹாஸ்டலில் இருந்த சமயத்தில் நடந்தது இது.

நம் மாவு மில்லில் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மிஷின் ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும். வெளியே வந்தாலும் அந்தக் கத்தல் கொஞ்ச தூரம் கூடவே வரும். டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு நிற்பதைத் தவிர அவர்களுக்கு அங்கே வேறு வேலையும் இல்லை. அதனால் இரவு டிவியில் பார்த்த கதை முழுவதும் காலையில் மில்லில் மறுபடி ஒரு தடவை ஓடும்.

அந்த சீரியல் ஒரு கொலைக் கதை. பெரிய வீட்டு மருமகள் குளத்தில் செத்துக் கிடக்கிறாள். கொன்றது யார் என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறாள். மாமியார், டாக்டர் கொழுந்தன், வீட்டு வாட்ச்மேன், இந்த மூன்று பேர் மேலும் சந்தேகம். ஊர் உலகத்தில் எல்லாரும் பார்த்த கதைதான். ஆனால் நம் ஊரில் பேச்சு சூடாக இருந்ததற்குக் காரணம், வாட்ச்மேன் வேஷம் போட்டது நம் தெரு லோடு வண்டிக்காரர்.

அவர் நடிக்கப் போனவர் இல்லை. கோடையில் கூத்து நடந்தால் ஏதாவது ஒரு வேஷம் கட்டுவார், அவ்வளவுதான். ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு பழைய வீட்டை சீரியல்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே கட்டில், பீரோ ஏற்றிக்கொண்டு போனார். வாட்ச்மேனாக வர வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. "அந்த டிரைவர நிக்க வைங்க" என்று டைரக்டர் சொல்லி, இவருக்குக் காக்கிச் சட்டையை மாட்டி, கையில் டார்ச் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் நின்றவர், பிறகு அடிக்கடி போக ஆரம்பித்தார். விளம்பரப் போஸ்டரில் பெரிய முகங்களுக்குக் கீழே, மூலையில், டார்ச்சோடு இவர் முகமும் சின்னதாக வந்தது. அவர் மனைவி அதில் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணே, ஒட்டட்டா?" என்று கேட்டு, நம் மில் சுவரில் விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

கதை முடியப்போகிற வாரங்களில் மில்லில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. கோயில் தெருவில் இருக்கிற ரிட்டயர்ட் டீச்சரம்மா டாக்டர் மேல் சந்தேகப்பட்டார். நடவு வேலைக்குப் போகிற அக்கா, ரேஷன் அரிசி கொண்டுவந்து அரைப்பாளே, அவளும் டாக்டர் கட்சிதான். உங்கம்மாவுக்கு எந்த சீரியலிலும் மாமியார்தான் குற்றவாளி, அதனால் அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாட்ச்மேன்தான் கொலைகாரன் என்று அடித்துப் பேசிய ஒரே ஆள் லோடு வண்டிக்காரருடைய மனைவி.

"அன்னிக்கு ராத்திரி மோட்டார் போட்டுக்கினு கயனியில இருந்தேன்னு சொல்றாரு இல்ல? ராத்திரி எங்கக்கா மோட்டார் ஓடற த்ரீ பேஸ் கரண்ட்டு வருது? நம்ம கயனிக்கே வர்றதில்ல. எங்க வூட்டுக்காரரு புளுவுறாரு!"

"அது மெட்ராஸ்ல எடுக்கிற கதைம்மா. அவங்களுக்கு த்ரீ பேஸ் முறையெல்லாம் என்ன தெரியும்" என்றார் டீச்சரம்மா.

"மெட்ராஸா? இதோ ஓரிக்கையில எடுக்கறாங்க டீச்சர். கரண்ட்டு அங்கயும் அதே கரண்ட்டுதான்."

நடவு அக்கா கையைத் தட்டிச் சிரித்தாள். "இன்னாமே நீ, கட்டின புருசன ஜெயில்ல போடாம வுடமாட்ட போலக்கீது!"

டீச்சரம்மா போனில் ஏதோ ஒரு குரூப்பில் இருந்தார். வேறு ஊர்க்காரர்கள் அந்த சீரியலைப் பற்றி எழுதுவதையெல்லாம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துக் காட்டுவார். "யாரோ எழுதியிருக்கான் பாரு, வாட்ச்மேன் முழியே சரியில்லையாம்." லோடு வண்டிக்காரர் மனைவி டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "இன்னொரு தபா படிங்க டீச்சர்" என்றாள்.

அவள் ஏன் அப்படிப் பேசினாள் என்பதை அவளே உங்கம்மாவிடம் சொன்னாள். உங்கம்மா என்னிடம் சொன்னாள். மில்லில் வேறு யாருக்கும் தெரியாது. கொலைகாரன் யார் என்பது வெளியே தெரியாமல் இருக்க, வாட்ச்மேன் குற்றத்தை ஒத்துக்கொள்கிற மாதிரி ஒன்று, டாக்டர் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒன்று, இரண்டையும் எடுத்து வைத்திருந்தார்களாம். எதைப் போடப் போகிறார்கள் என்று நடித்தவர்களுக்கே சொல்லவில்லை. வாட்ச்மேன் ஒத்துக்கொள்கிற முடிவு வந்தால், அடுத்த சீரியலில் இவருக்கு வில்லன் வேஷம் என்று டைரக்டர் வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார். வராவிட்டால் அதோடு சரி. இவர் ஷூட்டிங் ஷூட்டிங் என்று போனதில் வழக்கமாக வண்டிக்குக் கூப்பிடுகிறவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். "அவுரு கொலகாரனா இருந்தாதான் நாங்க பொழைப்போம்" என்று அவள் சொன்னாளாம். கேட்கும்போது தனக்குச் சிரிப்பு வந்தது, அவள் சிரிக்கவில்லை என்றாள் உங்கம்மா.

ஒரு நாள் காலையில் இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்துக்கு மேலே சத்தமாக விவாதம். திடீரென்று கரண்ட் போனது. மிஷின் நின்றது. நடவு அக்காவின் வாய் நிற்கவில்லை.

"...அந்த ஆளா கொல பண்ணான்? அந்த மூஞ்சியப் பாத்தா கோழிகூட அறுக்கமாட்டான்!"

அமைதியில் அது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். வாசலில் ராகி மூட்டையோடு லோடு வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"உன்ன நல்லவன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன் நைனா" என்றாள் அக்கா. நல்ல மனதோடுதான் சொன்னாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மூட்டையை இறக்கினார். சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். பிறகு, கரண்ட் வந்ததும் அரைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் கதை திரும்பியது. வாட்ச்மேன் விடியற்காலையில் குழாயடியில் உட்கார்ந்து சட்டையில் இருக்கிற ரத்தத்தைக் கழுவுகிற மாதிரி காட்டினார்கள். பேச்சே இல்லை. கழுவிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மறுநாள் டாக்டர் கட்சி பாதியாகிவிட்டது.

இப்போது மில்லைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒருவர் மாவு அரைத்து முடித்ததும் மிஷின் சுத்தமாகக் காலியாகிவிடாது. மாவு விழுகிற வாயில் கட்டியிருக்கிற துணியிலும் கல்லிடுக்கிலும் ஒரு பிடி தங்கும். அது அடுத்த டப்பாக்காரரின் மாவில் கலந்து போகும். அதனால் யாருக்குப் பின்னால் டப்பா வைக்கிறோம் என்று பெண்கள் எப்போதும் பார்ப்பார்கள். ராகிக்குப் பின்னால் இடியாப்ப அரிசியை வைக்கமாட்டார்கள். இந்த ஊரில் அப்படிப் பார்ப்பதற்கு வேறு காரணங்கள் இருந்த காலமும் உண்டு. அதை இப்போது யாரும் வாயால் சொல்வதில்லை.

ரத்தம் கழுவிய மறுநாள் காலையில் நடவு அக்கா தன் டப்பாவைத் தூக்கி, லோடு வண்டிக்காரர் மனைவியின் டப்பாவுக்கு முன்னால் வைத்தாள். "கொலகாரன் வூட்டு மாவு என் மாவுல கலந்தா எங்க வூட்டுக்காரன் என்னப் போட்டுருவான்மே!" எல்லாரும் சிரித்தார்கள். அது விளையாட்டுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒருத்தி, "எனுக்கு அவசரமில்ல, நீங்க வைங்க" என்று பின்வாங்கினாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். டீச்சரம்மா சிரிக்காமல், யோசிக்காமல், தன் தூக்குச் சட்டியை எடுத்து வேறு பக்கம் வைத்தார். சில நாளில் அந்த டப்பாவுக்குப் பின்னால் யாரும் வைக்காமல், தரையில் ஒரு டப்பா அளவு இடம் காலியாகவே இருந்தது. நான் இடையில் ஒரு பிடி நம் அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டுத்தான் அடுத்த டப்பாவை எடுக்க வேண்டியிருந்தது.

அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். "இதெல்லாம் மனசுல வெச்சிக்காதம்மா" என்று சொன்னேன்.

"இன்னாண்ணே நீ! அவுரு நடிச்சத நம்பிட்டாங்கண்ணே. நல்லா பயப்படட்டும்." காலி இடத்தைக் காட்டினாள். "இத வூட்ல போய் சொன்னா அந்த மனுசன் ரெண்டு தட்டு நாஷ்டா சேர்த்து துண்ணுவாரு."

அந்த வாரம் அவள் தினமும் வந்தாள். அவ்வளவு மாவு ஒரு வீட்டுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. டப்பாவை எல்லாருக்கும் முதலில் வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து, பின்னால் யார் வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கடைசி நாளும் வந்தது. உங்கம்மாவோடு நானும் உட்கார்ந்து பார்த்தேன். டாக்டர் ஒத்துக்கொண்டான். அழுதான், கத்தினான், கையை நீட்டினான், விலங்கு மாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிப் போனாள். முடிந்தது. வாட்ச்மேன் வரவேயில்லை. அவன் ஏன் ரத்தம் கழுவினான், அது யார் ரத்தம், எதுவும் சொல்லவில்லை. ஜீப் வெளியே போகும்போது கேட்டைத் திறந்துவிடக்கூட ஆள் இல்லை. கேட் ஏற்கெனவே திறந்து கிடந்தது.

"மாமியா தப்பிச்சிட்டா பாரு" என்றாள் உங்கம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "ஐயோ, அந்தப் பொண்ணு" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் டப்பாவோடு வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். பெண்கள் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நான் சொல்லல? அண்ணன் தங்கமான மனுசன்னு!" நடவு அக்கா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "டிவியில பொய் சொன்னாலும் சாமி வுடுமா? கடைசியில உண்மைதான் ஜெயிச்சிது."

டீச்சரம்மா, "ரத்தம் அது கோழி ரத்தமா இருக்கும்னு குரூப்ல எழுதியிருக்காங்க" என்றார். அவருக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது. தன் தூக்கைத் தானே எடுத்துவந்து அவள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். அதற்குப் பின்னால் மற்றவர்கள் வைத்தார்கள். வரிசை ஒழுங்காக வாசல் வரைக்கும் போனது.

"ஆமாக்கா" என்றாள் அவள். எல்லாருக்கும் அதையே சொன்னாள். நான் மாவைக் கொடுத்தபோது டப்பா மூடியைப் போட மறந்து அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

போகும்போது டீச்சரம்மா என்னிடம், "அந்தப் போஸ்டரை எடுத்துடுங்களேன். அதான் முடிஞ்சிடுச்சே. அந்த இடத்துல ஸ்கூல் அட்மிஷன் நோட்டீஸ் ஒட்டணும்" என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் லோடு வண்டிக்காரர் வந்தார். விட்டுப்போன மூடிக்காக வந்தார் என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, மிஷினப் போடேன்."

"இன்னாத்துக்கு?"

"போடேன், சொல்றேன்."

நம் வீட்டு அரிசி கொஞ்சம் இருந்தது. அதைக் கொட்டி மிஷினைப் போட்டேன். அவர் எனக்கு எதிரே வந்து நின்று, கீழே பார்த்தபடி பேச ஆரம்பித்தார். உதடு அசைவதுதான் தெரிந்தது. சீரியல்காரர்கள் எடுத்து வைத்துவிட்டுப் போடாமல் விட்ட பேச்சு அது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் மெதுவாகத்தான் பேசினார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார், ஈரம் போகாத மாதிரி. ஒரு இடத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் இருபது வருஷமாகப் பழகுகிற மனிதர். என் கால் தானாக ஒரு அடி பின்னால் போனது.

அரிசி தீர்ந்து மிஷின் சத்தம் மாறியது. வெறும் கல் ஓடினால் தேய்ந்துவிடும், உடனே நிறுத்த வேண்டும். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை.

நிறுத்தியதும் அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எப்டிக்கீதுண்ணே?" என்றார்.

"ஒரு வார்த்தகூட காதுல வுழல" என்றேன். "ஆனா மூஞ்சப் பாக்க பயமா இருந்துச்சி."

"நெஜமா?"

"நெஜமாத்தான். அந்தச் சிரிப்பு இருக்குதே, பேஜாரா பூட்ச்சி எனுக்கு."

அவர் கக்கத்தில் இருந்த மூடியைக் கையில் எடுத்தார். பிறகு, "அவகிட்ட சொல்லு இத. நான் சொன்னா நம்பமாட்டா" என்றார். புள்ளலூரில் ஒரு வைக்கோல் லோடு கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, மூடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் அவர் மனைவியிடம் சொல்லச் சொல்லி உங்கம்மாவை அனுப்பினேன். என்ன சொன்னாள் என்று உங்கம்மா எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மட்டும் மில்லில் இருந்தேன். துணியை உதறிக் கட்டினேன், தரையைப் பெருக்கினேன். டீச்சரம்மா கொடுத்த நோட்டீஸை மிளகாய் மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். போஸ்டர் முழுவதும் மாவு படிந்து, பெரிய முகம் எது சின்ன முகம் எது என்று தெரியாமல் வெள்ளையாக இருந்தது. ஈரத் துணியால் துடைத்தால் காகிதம் கிழிந்துவிடும். கிட்டே குனிந்து, மூலையில் அவர் முகம் இருக்கிற இடத்தை மட்டும் வாயால் ஊதினேன். டார்ச்சும் கண்ணும் தெரிகிற வரைக்கும் ஊதிவிட்டு, ஷட்டரை இறக்கினேன்.