ஓடுகிற மஞ்சள் இண்டிகேட்டர்

வல்லம் வடகால் கம்பெனி கேட்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரகடம் கூட்டு ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஓட்டிப் போகலாம்தான். ஆனால் டேங்கில் கிடந்த கொஞ்சம் பெட்ரோல் மறுநாள் காலை திரும்பி வருவதற்கு வேண்டும். திரும்பி வருவது என்பதே எனக்குப் புதிது. வண்டி இல்லாத நாட்களில், ஓசூரிலும் திருப்பூரிலும் ஒரு கேட்டில் ஆகாது என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறி வேறு ஊருக்குப் போய்விடுவேன்.

இந்த வேலையை விட மனம் வரவில்லை. ஒரு கம்பெனியில் செய்த ரப்பர் உதிரிகளை இன்னொரு கம்பெனிக்கு அவசரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், சொந்த வண்டியில். ஒன்பதாவதோடு நின்றவன் நான். சர்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை, வண்டியைத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேட்டில் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைத்தான் சோதிக்கிறார்கள். கண்ணாடி, ஹாரன், நான்கு இண்டிகேட்டர். என் வண்டியில் ஒன்று மழையில் விழுந்தபோதே உடைந்துவிட்டது. ஒன்று கறுப்பு டேப்பில் தொங்கியது. மற்ற இரண்டும் எரிந்து வெகுநாள் ஆகிறது.

மீசை நரைத்த செக்யூரிட்டி அந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாபா, கட்டு போட்டுகினு ஆஸ்பத்திரிக்கி வந்த மாதிரி கீது? நாலும் எரியணும். காலைல மாத்திகினு வா. இல்லன்னா வேற வண்டிய எடுத்துப்பாங்க."

கூட்டு ரோட்டில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருந்த அக்காவிடம், கம்பெனி கேட்டில் சொன்னதைச் சொல்லி, சாதாரண இண்டிகேட்டர் நான்கு கேட்டேன். எடுத்து வைத்தார். அதற்குள் என் கண், பின்னால் ஒரு பலகையில் எரிந்துகொண்டிருந்தவற்றுக்குப் போய்விட்டது. அம்பு வடிவில் ஒன்று, நீலத்தில் ஒன்று. விரல் நீளத்தில் மெல்லியதாக ஒன்று. அதில் மஞ்சள் வெளிச்சம் உள்ளிருந்து வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாக ஓடி, அணைந்து, மறுபடி ஓடியது.

"அந்த நீலம் எப்படிக்கா?"

"அது வோணாம். ஆம்புலன்ஸ்னு நெனைச்சி செக்யூரிட்டி கேட்ட தொறந்துடுவான், அப்பால சட்டைய புடிப்பான். மஞ்சள்ள ஓடுதே, அத்த எடு. பகல்லயே பளிச்சுனு தெரியும்."

"வண்டி பழசுக்கா. இதுக்கு அது நல்லாவா இருக்கும்?"

"எதிர்ல வர்ற கண்டெய்னர்காரன் உன் வண்டி வயசையா கேப்பான்? திரும்புறியா இல்லியான்னுதான் பாப்பான்."

வேலைக்குச் சாதாரணமானதே போதும். கிடைத்ததை அறையாக, கிடைத்ததைச் சாப்பாடாக வைத்துக்கொண்டே பழகியவன், பிடித்திருக்கிறது என்று ஒரு பொருளைக் கையில் எடுத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மெல்லியதையே எடுத்தேன்.

"லைட்ட மினுக்குற ஃபிளாஷரையும் மாத்திடு. பழசுல போட்டா படபடன்னு அடிச்சிக்கும். நம்ம ஆளு மாட்டித் தரட்டுமா?"

"நானே மாட்டிக்கிருவேன்க்கா."

"பாத்து" என்று சிரித்தார்.

அறை வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பின்பக்கம். பிறகு வண்டிக்கு எதிரே குத்தவைத்து, ஹெட்லைட்டைக் கழற்றி, முன்பக்க வயர்களைச் சொருகினேன். சுவிட்சைத் தட்டிவிட்டு எதிரே நின்று பார்த்தேன். மஞ்சள் ஓடியது. எதிர் அறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் சோதிக்கத் தோன்றவில்லை.

காலையில் செக்யூரிட்டி, "லெஃப்ட் போடு" என்றார். போட்டேன். முன்னால் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார்.

"பின்னாடி லெஃப்ட்ல போற, முன்னாடி ரைட்ல போற. எந்த ஊருக்குத்தாம்பா போவப்போற நீ?"

எனக்குப் பின்னால் வண்டிகளோடு நின்றவர்கள் சிரித்தார்கள். "ரெண்டா பொளந்துகினு போவான் சார்!" என்றான் ஒருவன்.

அப்போதுதான் உறைத்தது. எதிரே உட்கார்ந்து மாட்டியதில், என் இடது கைப் பக்கத்தை வண்டிக்கும் இடது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே நின்ற, வண்டிக்கு ஆள் எடுக்கிற காண்ட்ராக்டர் குரல் கொடுத்தார்.

"வண்டி வருதா, வேற ஆள கூப்பிடவா?"

செக்யூரிட்டி ஓடுகிற மஞ்சளை இன்னொரு முறை பார்த்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் சார். லைட்டு சோக்காகீது, வயரு மட்டும் மாறிகீது." என் பக்கம் திரும்பி, "ஸ்க்ரூ டிரைவர் வெச்சிகிறியா? சீக்கிரம்" என்றார்.

வைத்திருந்தேன். வண்டியை ஓரம் கட்டினோம். கழற்றிய ஹெட்லைட்டை அவரே இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ள, நான் வயர்களை இடம் மாற்றிச் சொருகினேன்.

முதல் சரக்கு ஒரு பெட்டி ரப்பர் வளையம். இருங்காட்டுக்கோட்டை கம்பெனியில் உற்பத்தி லைன் நிற்பதற்குள் சேர வேண்டும் என்றார்கள். பெட்டியைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்து லெஃப்ட் போட்டேன். செக்யூரிட்டி குனிந்து முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கையசைத்தார். ரோட்டில் வந்த கண்டெய்னர் லாரி வேகத்தைக் குறைத்து எனக்கு வழி விட்டது.