முகத்துக்கு நேரே ஒரு புகார்

வாலின் அடியைப் பிடித்து, ஒவ்வொரு கணுவாக விரலால் நெருடிக்கொண்டே இறங்குகிறார் டாக்டர் அற்புதமேரி. ஜெபமாலை உருட்டுகிற நிதானம். கூடவே ராகம் தப்பிய ஒரு மாதா கோயில் பாட்டு. சமயநல்லூர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எந்த மாடு வந்தாலும், வயிற்றுப்போக்குக்கே வந்தாலும் சரி, அவர் கை முதலில் வாலுக்குத்தான் போகும். பாட்டு நின்றால், யாரோ வாலை முறுக்கி ஓட்டியதில் கணு முறிந்திருக்கிறது என்று அர்த்தம். உதவியாளர் பாண்டீஸ்வரி உடனே மாட்டுக்காரனின் முகத்தைப் பார்ப்பாள்.

இன்றைக்குப் பாட்டு நின்றுவிட்டது.

முத்துக்குமரனின் பந்தய மாடு அது. காலையில்தான் வண்டிப் பந்தயத்தில் பூட்டி ஓட்டியிருக்கிறான். பின்தொடையில் ஆழமான கிழிசல், ரத்தம் இன்னும் நிற்கவில்லை. "வேலிக்கம்பி கிழிச்சிருச்சு டாக்டரம்மா," என்றான். டாக்டர் கிழிசலைச் சுற்றி ரோமத்தை விலக்கிக் காட்டினார். மாடு ஓட்டும் கம்பின் முனையாணி குத்திய சின்னச் சின்னத் துளைகள். வேலிக்கம்பி எங்கேயாவது இப்படிச் சுற்றிச் சுற்றிக் குத்துமா?

மற்றவர்களாக இருந்தால் மருந்து போட்டு அனுப்பிவிட்டு, பின்னால் கமுக்கமாகப் போலீசுக்குச் சொல்வார்கள். சொல்லாமலே விடுகிறவர்களும் உண்டு. இந்த அம்மாவிடம் கமுக்கமே கிடையாது. "முத்துக்குமரன், மாட்டக் குத்தி, வாலயும் முறிச்சிருக்கீங்க. ஸ்டேஷனுக்குச் சொல்லப் போறேன்," என்றவர், அவன் எதிரிலேயே போன் போட்டு ஊர், பேர் எல்லாம் ஒப்பித்தார். அடேயப்பா, என்ன துணிச்சல்!

பாண்டீஸ்வரி அவரை ஓரமாக இழுத்தாள். "இப்புடிச் செஞ்சா நாளைக்கு ஒருத்தனும் மாட்ட ஓட்டிட்டு வர மாட்டான், டாக்டரம்மா. இவன் கோவத்துல கெளம்பிட்டா, நேரா அடிமாட்டு லாரிதேன்."

"தெரியும் பாண்டீஸ்வரி. ஆனா முதுகுக்குப் பின்னால சொன்னேன்னு வை, அப்பத்தான் ஒருத்தரும் வர மாட்டாங்க."

முத்துக்குமரன் கயிற்றை அவிழ்த்தேவிட்டான். "எம்மாடு, நான் என்னமும் செய்வேன். வைத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" மாட்டைத் திருப்பினான். கால் ஊன்ற முடியாமல் தடுமாறிய அந்த மாடு, அவன் தோளிலேயே முகத்தைச் சாய்த்தது.

டாக்டர் வழியை மறிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே, "மூக்கணாங்கயிற இறுக்கிப் புடிங்க. மரத்துப்போக ஊசி போடணும், மொதல்ல கொஞ்சம் உதறும்," என்றார், ஒன்றுமே நடக்காதது போல. பாண்டீஸ்வரி ஊசியை எடுத்து நீட்டினாள். என்ன மாயமோ, அவன் பிடித்தான்.

புண்ணைக் கழுவித் தையல் போடத் தொடங்கினார். பாதியில் அவனாகவே பேசினான். "ஒரு வளைவுதேன் டாக்டரம்மா பாக்கி. பக்கத்து வண்டி முந்திருச்சு. எம்புட்டுக் குத்துனேன்னு எனக்கே தெரியல." சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. "யாருய்யா முத்துக்குமரன்?" என்று கேட்டுக்கொண்டே சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"நாந்தேன் சார்." கயிற்றைப் பாண்டீஸ்வரியிடம் நீட்டிவிட்டு அவன் நகர்ந்தான். மாடு மிரண்டு, கண் வெளுக்க, அவளை ஓர் இழுப்பு இழுத்தது.

"புகார எழுதித் தர்றேன் சார், ஒரு வரி குறைக்க மாட்டேன். ஆனா தையல் முடியுற வரைக்கும் இவர விட்டுவைங்க. மாடு இவருக்குத்தான் நிக்கும்," என்ற டாக்டர், ரத்தக் கையுறையைக் கழற்றினார். பாண்டீஸ்வரியிடமிருந்து கயிற்றை வாங்கி முத்துக்குமரனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.