நாசிலுக்குள் ஒரு சிட்டிகைச் சர்க்கரை

கத்திரிக்கு மருந்தடிக்கப் போகும்போது என் சட்டைப் பையில் எப்போதும் தென்னை ஈர்க்கு இருக்கும். மருந்து பீய்ச்சும் குழாய் முனையான நாசில் அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்பதற்கு. எங்கள் பக்கம் முதுகில் மருந்து டேங்க் மாட்டுகிறவர்கள் யாருக்கும் ஈர்க்கு தேவைப்பட்டதில்லை. அடைத்த நாசிலைக் கழற்றுவார்கள், வாயில் வைத்து ஓர் ஊது ஊதுவார்கள், துப்பிவிட்டு மாட்டிக்கொள்வார்கள். பீடிச் சாம்பலைத் தட்டுவதுபோல அது கையோடு வந்த பழக்கம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயந்தேன். மருந்து பாட்டிலில் போட்டிருந்த மண்டை ஓட்டைப் பார்த்தால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. அக்கா வீட்டுக்காரரோடுதான் வேலைக்குப் போவேன். மாமா அடிப்பார், நான் தண்ணீர் சுமந்து மருந்து கலந்து கொடுப்பேன். என் ஈர்க்கைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு.

"பாருங்கடா, எம் மச்சான் மருந்துக்கே ஊசி போடுறான்" என்று கத்திரிக் கொல்லை முழுக்கக் கேட்கச் சொல்வார்.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். புவனகிரிக்குக் கிழக்கே ஒரு கொல்லையில் காய்ப்புழுவுக்கு அடித்துக்கொண்டிருந்தோம். நான் போர்வெல் கொட்டகையில் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினால், மாமா வரப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. கால் சதை தனியாகத் துடித்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. வலது கை மட்டும் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. விரித்துப் பார்த்தேன். நாசில்.

அதையும் மருந்து பாட்டிலையும் துண்டில் முடிந்துகொண்டேன். ஒரு டெம்போவை நிறுத்தி, சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாட்டிலைப் பார்த்ததும் டாக்டர் ஊசி போட ஆரம்பித்தார். "குடிச்சாரா?" என்று கேட்டார். "இல்லீங்க, அடிச்சாரு" என்றேன். பிழைத்துக்கொள்வார் என்றார்கள். ஆனால் மூக்கில் குழாய், அரை மயக்கம், பேச்சு இல்லை.

அவர் பேசாததுதான் அக்காவுக்கு வினையாகப் போனது.

முந்தின நாள் அவர்கள் வீட்டில் சண்டை. கவர்மெண்டில் கொடுத்த டிவியை நடு வீட்டிலிருந்து எடுத்தால்தான் பிள்ளை படிக்கும் என்று அக்கா சொல்ல, அங்கேதான் இருக்கும் என்று அவள் மாமியார் சொல்ல, இடையில் மாட்டிக்கொண்ட மாமா சட்டியை எட்டி உதைத்திருக்கிறார். தெருவே கேட்டிருக்கிறது. மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில். மருந்து என்று காதில் விழுந்தாலே எங்கள் ஊரில் ஒரு அர்த்தம்தான்.

அக்கா மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவள் வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "எம் புள்ள வாயில மருந்து நாத்தம் அடிக்குது. குடிக்காம வாய்க்குள்ள எப்படிடா வரும்? அவன் எழுந்து வரட்டும். இவ எங்கூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அக்கா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாக நின்றாள். யாரும் அவளுக்கு ஒரு டீ வாங்கித் தரவில்லை.

"நாசில ஊதியிருப்பாரு அத்தை" என்றேன்.

பக்கத்துக் கொல்லைக்கு மருந்தடிக்கிற அண்ணன் பார்க்க வந்திருந்தார். "போடா, இருவது வருசமா அடிக்கிறேன். நாசில எவன்டா வாயில வெப்பான்? அக்காவுக்காகப் பேசுற" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தினமும் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பயந்து பயந்து அந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். வாழ்க்கையில் எதிலும் உறுதியாக நிற்காத எனக்கு அன்றைக்குத் துளி சந்தேகம் இல்லை.

நாசிலை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெந்நீரில் கொதிக்கவைத்தேன். மனசு ஆறாமல் திரும்பவும் கழுவினேன். மறுநாள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் சர்க்கரை கேட்டு வாங்கி, அதன் வாயில் திணித்து அடைத்தேன்.

அண்ணன் அன்றும் வந்திருந்தார். அத்தையோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் போய் நீட்டினேன்.

"அண்ணே, அடைச்சிக்கிச்சி. கொஞ்சம் பாருங்களேன்."

பேச்சை நிறுத்தாமலே வாங்கினார். வாயில் வைத்தார். கன்னம் உப்ப ஊதினார். துப்பினார். பிறகு சப்புக்கொட்டினார்.

"என்னாடா இது, இனிக்குது?"

"சர்க்கரைண்ணே. நேத்து மாமா ஊதுனதுல சர்க்கரை இல்ல."

அவர் நாசிலை என் கையில் திணித்தார். குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார். அத்தை நாசிலை என் கையிலிருந்து பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, குழாய்ப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்.

"ஏண்டி, அங்க என்னா கம்பம் மாதிரி நிக்கிற? வந்து உக்காரு. டேய், உங்கக்காவுக்கு ஒரு டீ வாங்கியா. பன்னும் வாங்கியா."

அக்கா உட்கார்ந்தாள். அழவில்லை. பன்னைப் பிய்த்துப் பாதியை அத்தையிடம் கொடுத்தாள்.

மாமா தேறி வந்ததும் நான் கேட்டேன். ஊதினதாக அவருக்கும் ஞாபகம் இல்லை. "ஊதியிருப்பேன்" என்றார், அவ்வளவுதான். டீ கிளாஸைப் பிடித்தால் விரல் நடுங்குவது ரொம்ப நாள் இருந்தது. அறுப்பு வேலைக்குப் போனார், கொத்து வேலைக்குப் போனார், கடைசியில் திரும்பவும் டேங்கைத்தான் மாட்டினார். டேங்க் ஒழுகி முதுகு நனைவதற்கு ஈர்க்கால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். முதுகுக்கு உரச்சாக்கைக் கட்டிக்கொள்ளும் அளவுக்காவது கேட்டார்.

ஈர்க்கு விஷயத்தில் மறுபேச்சே இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது அத்தையே தன் விளக்குமாற்றிலிருந்து உருவி அவர் பையில் செருகிவிடுவாள்.

"ஊட்டுல பெருக்க ஒண்ணுமில்ல, வெளக்கமாறு மொட்டையாப் போச்சி" என்று என்னைத்தான் திட்டுவாள்.