பஸ்கி கோமதியின் எடைக்கல்

கோமதி போய்விட்டான்...

காலையில் அவன் மகன் போன் செய்து "மாமா, அப்பா..." என்றான்.

கோமதிநாயகம். எண்பதுகளில் சங்கரன்கோவிலில் ஜிம் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு ‘பஸ்கி கோமதி’ என்றால்தான் தெரியும்.

நாங்கள் எல்லோரும் நெஞ்சையும் கையையும் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்த காலம். "பெல்பாட்டத்துக்குள்ள காலு இருக்கா இல்லையான்னு எவம்லே பாக்கப் போறான்?" என்று, காலுக்காக உட்கார்ந்து எழுந்து பஸ்கி போட்டுக்கொண்டே இருக்கும் அவனை ஓட்டுவோம்.

"மேல மாடி கட்டுதிய... கீழ அஸ்திவாரத்தக் காணமேலே!" என்பான்.

இருந்த இரும்புத் தட்டுகளை, நெஞ்சுக்கு பெஞ்ச் பிரஸ் போடும் கோஷ்டி விடாது. அதனால் என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பஸ்கி போட்டான். ஜிம்மிலேயே ஒல்லி நான்தான்... அன்றிலிருந்து என் பெயர் ‘எடைக்கல்’.

முழுசாகக் குந்தி அப்படியே இருப்பான். நான் "எந்திரிலே" என்றால்தான் எழுந்திருப்பான். அதுதான் பேச்சு.

நான் லேசில் சொல்வேனா?

"சொல்லித் தொலைலே, தொடை வெடிச்சிரும் போலிருக்கு!"

"இருலே... நேத்துப் பாத்த படத்துல சண்டைய மட்டும் சொல்லி முடிச்சிருதேன்."

ஒரு நாள் இறங்கச் சொல்லி, அவன் என் தோளில் ஏறினான். உட்கார்ந்தேன்... எழுந்திருக்கவே முடியவில்லை. அப்படியே இருவரும் உருண்டோம். அப்புறமும் எத்தனையோ தடவை முயன்றேன், ஒரு தடவைகூட அவனைத் தூக்கியதில்லை.

திருநெல்வேலியில் போட்டி. ஸ்குவாட், அதாவது இரும்புப் பாரோடு பஸ்கி. மூன்று வாய்ப்பில் அவனுக்கு அதுதான் கடைசி.

பாரைத் தோளில் வாங்கினான், நிதானமாகக் குந்தினான்... குந்தியவன் எழவே இல்லை. பக்கத்தில் இருந்த ராயகிரிக்காரர் ஒருவர், "சோலி முடிஞ்சுது" என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. அடப்பாவி! என் குரலுக்கல்லவா காத்துக்கொண்டிருக்கிறான்!

பெஞ்சில் ஏறி நின்று கத்தினேன்: "எந்திரிலே!"

எழுந்தான் பாருங்கள்... அரங்கமே எழுந்தது. கப்போடு பஸ் ஏறினோம். வழியெல்லாம் "ஏம்லே இவ்வளவு லேட்டு?" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தான்.

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். தெருமுனை வரை பாடை தோளில்தான். முன்பக்கம் வலது தோள் என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

"மாமா, ஒங்களுக்கு எதுக்கு? ஆளுக இருக்காவ, நீங்க சும்மா கூட வாங்க" என்கிறான் மகன்.

முடியாதாமா? அவன் நச்சரிப்பில் இன்றுவரை தினமும் பஸ்கி போடுகிற கால்கள் இவை. நிற்கும்.

கோமதி, இன்றைக்கு உன்னைத் தூக்கிவிடுவேன்டா. நீதான் எதுவும் சொல்லமாட்டாய்... குந்தி, உன்னைத் தோளில் வாங்கிக்கொண்டு, எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எந்திரிலே.