சும்மாட்டு வலி என்று நினைத்தது

மரக்காணம் உப்பளத்தில் உப்புக் கூடை தூக்கும் சாலம்மாள், கிளியனூர்ப் பக்கத்திலிருந்து சகாதேவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய அப்பா களத்தில் நெல் தூற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அண்ணன் நடராசன் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்குவதற்குள் போய்ச் சேர்ந்தான். சித்தப்பா ஒருவர் கல்யாணப் பந்தியில், அப்பளம் கையில் இருக்கும்போதே போனார். அந்தக் குடும்பத்துக்கு மாரடைப்பு என்றால் ஆம்பளைக்கு வருவது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது. பொம்பளைக்கு வரும் என்று யாரும் நினைத்ததில்லை. சாலம்மாளும் நினைக்கவில்லை.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது, பிரஷரும் இருந்தது. சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையைக் கொஞ்ச நாள் தின்றாள். உடம்பு தேறியதும், "நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு ஒரு ஓரகத்தி, சூர்யகலா. கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்து இரண்டு பேரும் குடியிருந்தார்கள். மாமியார் காரியத்தன்று பித்தளை அண்டா யாருக்கு என்று ஆரம்பித்த சண்டையில் பேச்சு நின்றுபோனது. அந்த அண்டா ஓட்டை விழுந்து பழைய சாமான் கடைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது; சண்டைக்கு மட்டும் ஓட்டை விழவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் கோழியிடம் சொல்வார்கள். "வேலைக்கு நேரமாவுதுன்னு தெரியல போல" என்று சாலம்மாள் கோழியைத் திட்டினால், சுவருக்கு அந்தப் பக்கம் சூர்யகலா கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவாள்.

அன்றைக்குக் கிழக்கே வானம் கறுத்துவிட்டது. மழை இறங்குவதற்குள் பாத்தி ஓரத்தில் வாரிவைத்த உப்பையெல்லாம் மேட்டுக்குக் கொண்டுபோய்க் குவித்து மூடியாக வேண்டும். மேஸ்திரி பக்கிரி கத்திக்கொண்டே இருந்தான். பொம்பளைகள் வரிசையாக ஓடாத குறையாக நடந்தார்கள்.

பாத்திகளுக்கு நடுவே மேட்டுக்குப் போகும் வரப்பு ஓர் ஆள் அகலம்தான். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர். நடுவில் மாட்டிக்கொண்டவள் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அவள் நின்றால் வரிசையே நிற்கும். தலைக் கூடையைக் கீழே வைத்தால், திரும்பத் தூக்கிவிட இன்னொருத்தி வேண்டும்.

சாலம்மாளுக்கு நாலைந்து நாளாகவே முதுகில் நடு இடத்தில் ஒரு வலி. கழுத்து, இடது தோள், கை எல்லாம் கடுப்பு. சுமை தூக்குகிறவளுக்கு அது என்றைக்கும் உள்ளதுதானே! சும்மாடு சரியில்லை என்று வேறு துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டாள். தாடையும் வலித்தது, கடைவாய்ப் பல்லில் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டாள். காலையில் பெருக்குமாற்றை எடுத்து இரண்டு வீச்சு வீசியதற்கே மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று விட்டுவிட்டாள்.

இப்போது வரப்பின் பாதியில், தோளிலிருந்த வலி கை வழியே சுண்டுவிரல் வரைக்கும் இறங்கியது. தாடையை யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி இருந்தது. குமட்டியது. கண்ணுக்கு முன்னால் உப்பு வெள்ளை இன்னும் வெள்ளையாகிக்கொண்டே போனது. சொல்லலாமா? யாரிடம் சொல்ல? பின்னால் வருகிறவள் சூர்யகலா. அவளிடம் வாய் திறப்பதற்கு இந்தத் தண்ணீரிலேயே விழுந்துவிடலாம்.

சூர்யகலா பார்த்துக்கொண்டுதான் வந்தாள். மழைக்காற்று சில்லென்று அடிக்கிறது. முன்னால் போகிறவளின் ஜாக்கெட்டோ வேர்வையில் முதுகோடு ஒட்டித் தண்ணீராகச் சொட்டுகிறது.

"ஏய் பிரியங்கா, உனக்குப் பின்னாடி வர்றவங்க ஏன் தள்ளாடுறாங்கன்னு கேளுடி!"

சாலம்மாளுக்கு முன்னால் போன பிரியங்கா திரும்பாமலே சிரித்தாள். "நடுவுல நான் ஒருத்தி இவங்களுக்கு செல்போன் டவர் மாதிரி! யக்கா, கேக்குறாங்க பாரு."

"ஒண்ணுமில்லன்னு சொல்லு." சாலம்மாளின் குரல் காற்றாக வந்தது.

"வெயில் ஏறியிருக்கும், நாக்குல ஒரு கல்லு உப்ப வச்சுக்கச் சொல்லு, நிக்காதீங்க!" என்று பக்கிரி மேட்டிலிருந்து கூவினான். மயக்கம் என்றால் உப்பளத்தில் அதுதான் வைத்தியம்.

"வெயில் எங்கய்யா இருக்குது?" என்றாள் சூர்யகலா. பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, "யக்கா! கூடையக் கீழ போடு!"

சாலம்மாள் போடவில்லை. உப்பைச் சேற்றில் கொட்ட அவளுக்குக் கை வராது. சூர்யகலா தன் கூடையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, அவள் தலைக் கூடையையும் பின்னாலிருந்து இழுத்துக் கவிழ்த்தாள். இரண்டு கூடை உப்பும் பாத்தியில் கரைந்தது. பக்கிரி தலையில் அடித்துக்கொண்டான். சாலம்மாள் அப்படியே அவள் மேல் சரிந்தாள்.

பிரியங்கா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வண்டி ரோட்டில்தான் நிற்கும். நடக்க விடாதீர்கள் என்று போனில் சொன்னார்கள். உப்பை மூட வைத்திருந்த தார்ப்பாயைப் பக்கிரியே உருவிக்கொண்டு ஓடிவந்தான். அதில் அவளைக் கிடத்தி, அந்த ஓர் ஆள் வரப்பில் பாதிப் பேர் தண்ணீரில் இறங்கி நடந்து தூக்கிப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. மூடாத உப்பு போனது போனதுதான்.

வண்டியிலேயே மாத்திரை கொடுத்து மெல்லச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். பிறகு புதுச்சேரியில் மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டு, அடைப்பில் பலூனை ஊதி, ஸ்டென்ட் வைத்தார்கள்.

"இவ எந்நேரமும் தோள் வலிங்கறவதானே டாக்டர், அதான் நான் கண்டுக்கல" என்று சகாதேவன் அழுதான்.

"சர்க்கரைக்காரங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்கு, சில நேரம் நெஞ்சு வலிக்காமலே வரும்" என்றார் அந்த டாக்டரம்மா. "தாடை, முதுகு, கை, வேர்வை, வாந்தி, இப்படித்தான் காட்டும். அப்பா, அண்ணன்னு குடும்பத்துல வேற இருந்திருக்குது. கொஞ்சம் இதயத் தசை செத்துப்போச்சு, அது திரும்பாது. இனி சுமை வேண்டாம், உப்பைக் குறைக்கணும், மாத்திரைய ஒருநாளும் நிறுத்தக் கூடாது. திரும்ப வலிச்சா உடனே சொல்லணும்."

சுமை வேண்டாம் என்றதும் சாலம்மாளுக்கு வீடு கூண்டாகிப்போனது. உப்பில்லாத கஞ்சி, மாத்திரை டப்பா, நடுச்சுவர். காலையில் கூடைகள் வாசலைக் கடந்து போகும். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். சூர்யகலாவும் திரும்பக் கோழியிடமே பேச ஆரம்பித்துவிட்டாள். "மாத்திரை போட்டாங்களான்னு தெரியல" என்பாள். "போட்டாச்சு" என்று சாலம்மாளும் கோழிக்குத்தான் பதில் சொல்வாள். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் தாடை மறுபடி இழுத்தது. வேர்த்தது. சூர்யகலா கூடையோடு தெருமுனைக்குப் போய்விட்டாள். சொன்னால் திரும்ப ஆஸ்பத்திரி, ஊசி, கட்டில். சொல்லாவிட்டால், அண்ணன் ஏறின பஸ். சாலம்மாள் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கோழி காலடியில்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

"கலா! எனக்கு வலிக்குதுடி!"

சூர்யகலா கூடையை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.