சில் ரூமில் தெளிந்த போதை

1. இறக்குமிடம்

"ஏம்பா சேகரு, காலைலயே போட்டுட்டு வந்துட்டியா?"

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள், லாரியிலிருந்து இறால் இறக்கிக்கொண்டிருந்த பத்துப் பேருக்கு முன்னால் மேனேஜர் தணிகாசலம் என்னை இப்படிக் கேட்டார். புதுச்சேரியில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் ரிசீவிங் சூப்பர்வைசர். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நின்று, வருகிற பெட்டிகளுக்குக் கவுன்ட் பார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. கவுன்ட் என்றால் ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்று எண்ணுவது. அன்று வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது, பெட்டி லேபிளில் எழுத்து மங்கியது. ஒரு பெட்டியில் இடித்து விழப்போனேன்.

நான் குடிப்பதில்லை. எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே சிதைந்துபோய், மூளை சொல்வது காலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராத நோய். கண்டுபிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பெனியில் மூச்சு விடவில்லை. எங்கள் ஊரில் குடிகாரனைத் திட்டிவிட்டு மறுநாள் வேலையில் சேர்த்துக்கொள்வார்கள். நோயாளியை, "ஒடம்பப் பாத்துக்கப்பா" என்று அன்பாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அன்புக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"சாரி சார்" என்றேன். அதாவது, குடித்ததாக ஒப்புக்கொண்டேன்!

"சில் ரூம்ல போயி நில்லு, தன்னால தெளியும். இன்னொரு வாட்டி இப்டிப் பாத்தேன், வேலைய விட்டே அனுப்பிடுவேன்."

2. சில் ரூம்

தரம் பிரித்த இறாலை ஐஸ் போட்டு அடுக்கி வைக்கும் அறைதான் சில் ரூம். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற குளிர். ஜெர்க்கினும் கம்பூட்ஸும் மாட்டிக்கொண்டு போனாலும் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தாங்குவதில்லை. நிலைத்து நின்றவர் வீராம்பட்டினத்து அஞ்சலாட்சி அக்கா ஒருவர்தான்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஒரு பெட்டியைத் தூக்கி ரேக்கில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கால் தேயவில்லை. லேபிளில் எழுத்து மங்கவில்லை. நம்பமுடியாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நேராக நடந்தேன்! "வெயில்ல அலையாதீங்க" என்று டாக்டர் சொன்னது உண்டு. எல்லா டாக்டரும் எல்லாருக்கும் சொல்கிற புத்திமதிதானே என்று விட்டுவிட்டேன். சூடு ஏறினால் என் நரம்பு படுத்துக்கொள்ளும், உடம்பு ஆறினால் எழுந்துகொள்ளும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தும் பார்த்தேன்.

"இன்னாப்பா, குளுரு தலைக்கி ஏறிக்கிச்சா?" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கதவைத் திறந்தார். என் நடையைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, தெளிஞ்சிடுச்சி! நான் சொன்னேன்ல?" என்றார்.

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என் உடம்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. இனி வெயிலில் ஒரு முறை கால் இழுத்தால் போதும், வேலை போய்விடும்.

3. கூப்பிட்டுக் காட்டியது

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டோடு மேனேஜர் ரூமுக்குப் போனேன். முதல் பக்கம் படிக்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது. "ஒடம்பப் பாத்துக்கப்பா..." என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை.

"சார், அத்த அப்டியே வெச்சிடுங்க. மொதல்ல என் வாய மோந்து பாருங்க. அப்பறம் எங்கூட கொஞ்ச நேரம் வாங்க."

சில் ரூமில் சற்று நின்றுவிட்டு, அவர் கண்ணெதிரே நேராக நடந்து காட்டினேன். கவுன்ட் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை. பிறகு வெளியே, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அரை மணி நேரம். கால் இழுத்தது, லேபிள் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. மறுபடி உள்ளே. பத்து நிமிடம், இருபது நிமிடம். இன்றைக்கென்று கால் காலைவாரிவிட்டால்? அஞ்சலாட்சி அக்கா வேலையைப் போட்டுவிட்டு என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அதோ நேராப் போவுது சார்!" என்று அவர்தான் முதலில் கத்தினார். கிரேடிங் டேபிளிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும்.

மேனேஜர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு, "குடிகாரன்னு சொன்னப்ப ஏன்யா சும்மா இருந்த?" என்றார்.

"நோயின்னு தெரிஞ்சா அனுப்பிடுவீங்கன்னுதான் சார்."

"அனுப்பியிருப்பேன்யா" என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. "இந்த ரூம்ல நிக்க ஆள் கெடைக்காம நான் தவிக்கிறேன். நாளைலருந்து நீதான் இங்க இன்சார்ஜ்."

இதே நோயோடு வேலைக்குப் போகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த நோய் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் இருக்கிறது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். மறைக்காதீர்கள். நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்தும் நிற்காதீர்கள். எது முடியாது, எது முடியும், எங்கே வைத்தால் முடியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். குளிர் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். உங்களுக்கான இடம் வேறாக இருக்கலாம். எனக்கு என் இடம் தண்டனையாகக் கிடைத்தது. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.